திருகோணமலையில் கூப்பனையும் விலைக்கழிவையும் வைத்து உதவி செய்யலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவரின் ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது சொற்பம். அமெரிக்காவில் பெண்கள் கூப்பன் வெட்டி வைத்துத் தள்ளுவண்டி நிறையச் சாமானைக் கிட்டத்தட்டக் காசில்லாமல் வாங்கி, அதை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். "எனக்கும் யாருக்காவது ஏதாவது செய்யவேணும் என்று ஆசை. இங்கே அப்படிச் செய்ய வழி இருக்கா அக்கா?" என்பது கேள்வி.

வழி இருக்கு தங்கச்சி. ஆனால் நீங்கள் பார்த்த மாதிரி இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் மிச்சம் லேசு.

அமெரிக்காவில் பெரும்பாலான கூப்பன்களை அடித்து விடுவது சாமானைச் செய்கிற கம்பனி. ஒரு டொலர் கழிவுக் கூப்பனைக் காசாளரிடம் கொடுத்தால், கடை அதைச் சேர்த்து அனுப்பிக் கம்பனியிடமிருந்து அந்த ஒரு டொலரையும், கையாளும் கூலியாக இன்னும் 8 சதத்தையும் வாங்கிக்கொள்ளும். கடைக்கு நட்டமில்லை. அதே சாமானுக்குக் கடை தன் பங்குக்கும் ஒரு கழிவு போட்டிருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அப்படி ஏறித்தான் பற்பசையும் ஷாம்புவும் சும்மா கிடைக்கிற நிலைக்கு வருகின்றன. ஒரு வீட்டுக்கு இருபது பற்பசை என்னத்துக்கு? மிச்சம் உணவு வங்கிக்கும் வீடற்றோர் விடுதிக்கும் போகிறது. திகதி கடந்த கூப்பனைக்கூட அங்கே சிலர் வீசுவதில்லை. வெளிநாட்டுத் தளங்களில் இருக்கும் அமெரிக்கப் படைக் குடும்பங்களின் கடைகளில் திகதி முடிந்து ஆறு மாதம் வரை கூப்பனை ஏற்பார்கள் என்பதால், அதை அவர்களுக்கு அனுப்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தபால் செலவைத் தவிர வேறு செலவில்லாத உதவி.

எங்கள் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. கம்பனிக் கூப்பனும் கடைக் கழிவும் சேர்ந்து விலை பூச்சியமாகிறது இங்கே நடக்காது. இங்கே எங்கள் கையில் இருப்பவை வேறு: சுப்பர் மார்க்கெட் அட்டையில் சேரும் புள்ளிகள், குறிப்பிட்ட நாளில் வங்கி அட்டைக்குக் கிடைக்கும் கழிவு, ஒன்று வாங்கினால் ஒன்று, பக்கற்றோடு ஒட்டி வருகிற இலவசம், திகதி கிட்டிய சாமானுக்கு விலைக் குறைப்பு, டராஸ் மாதிரி இணையக் கடைகளின் வவுச்சர். ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் தொகை. ஒன்றுகூடச் சாமானைச் சும்மா தராது.

அதனால் இங்கே தானம் வருகிற இடம் ஒன்றுதான்: எப்படியும் வாங்கப்போகிற சாமானில் மிஞ்சுகிற காசு. கழிவு இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பதற்கென்று புதிதாக ஒன்றை வாங்கினால், அது உங்கள் சட்டியிலிருந்து போகிற காசு. 20 சதவீதக் கழிவு என்றால் மிச்சம் 80 சதவீதத்தை நீங்கள் கட்டுகிறீர்கள். சம்பளம் இறுக்கமாக இருக்கிற வீட்டில் இந்தக் கணக்கு தவறினால் இரண்டாம் மாதமே ஆசை விட்டுப்போகும். நான் கடைக் கணக்கு எழுதிய ஆள். கழிவு போடுவது சரக்கு ஓடத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீடுகளில் பழைய ஆட்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள், கோயிலுக்கோ அன்னதானத்துக்கோ. நீங்கள் செய்யப்போவதும் அந்தப் பிடியரிசிதான். சமைக்கப்போகிற அரிசியிலிருந்துதான் அந்தப் பிடி வரும், அதற்கென்று யாரும் தனியாக அரிசி வாங்குவதில்லை.

இனி கணக்கு. ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். சுப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் இவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று ஒரு தொகை அடித்திருக்கும். என் கையில் உள்ள பில்லில் 640 ரூபாய் என்று இருக்கிறது. பென்சிலால் வரிவரியாகப் பார்த்தால், அதில் 380 ரூபாய் இரண்டு பிஸ்கற் பக்கற்றுக்கும் ஒரு பெரிய குளிர்பானப் போத்தலுக்கும் விழுந்த கழிவு. அவை நான் எழுதிக்கொண்டு போன துண்டில் இல்லாதவை. மிச்சம் 260 ரூபாய் பருப்பிலும் சலவைத்தூளிலும் தேயிலையிலும் வந்தது. எனக்கு உண்மையில் மிஞ்சியது இந்த 260 மட்டும்தான். இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் போதும். துண்டில் எழுதியிருந்ததற்கு விழுந்த கழிவை மட்டும் கூட்டுங்கள். அதில் பாதியை அன்று பின்னேரமே ஒரு டின்னில் போட்டுவிடுங்கள். மற்றப் பாதி வீட்டுக்கு. முழுவதையும் கொடுக்கவேணும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்தால்தான் வீட்டில் எல்லோரும் இதற்கு ஒத்து வருவார்கள்.

மாதத்துக்கு 25,000 ரூபாய்க்குப் பலசரக்கு வாங்குகிற வீட்டில், கவனமாகப் பார்த்தால் 1,200 ரூபாய் மிஞ்சலாம் என்று வைப்போம். பாதி 600. வருஷத்துக்கு 7,200. இந்தத் தொகை சின்னதாகத் தெரியலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு பணவீக்கம் இறங்கியது, விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. அந்த விலையில் குடும்பம் நடத்திக்கொண்டே மாதம் 600 ரூபாயை ஒதுக்குகிற ஆள் பெரிய ஆள்தான். என் கண்ணில் அப்படித்தான்.

வங்கி அட்டைக் கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும், திருகோணமலைக்காரர் ஏமாறுகிற இடம் அதுதான். இந்தக் கழிவுகள் அடிக்கடி மரக்கறி, பழம், மீன், இறைச்சிக்குத்தான் வரும். குறைந்தது இவ்வளவுக்கு வாங்கவேணும், கூடினது இவ்வளவுதான் கழிப்போம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கொழும்பில் இருப்பவருக்கு மீனில் 25 சதவீதம் குறைந்தால் நல்ல இலாபம். எங்களுக்கு? கடற்கரையில் வலை இழுத்து முடிந்த கையோடு கிடைக்கிற சாளையையும் கீரியையும் விட்டுவிட்டு, குளிரூட்டியில் ஐஸ் போட்டு வைத்த மீனைக் கழிவில் வாங்கினால் பல நாட்களில் கூடத்தான் கொடுத்திருப்பீர்கள். மரக்கறியும் அப்படித்தான். முதலில் சந்தை விலையைக் கேளுங்கள், கழிவு போன பிறகு வரும் விலையோடு ஒப்பிடுங்கள். அப்பிள், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் மாதிரி வெளியிலிருந்து வருகிற சாமானில் சில நேரம் கழிவு உண்மையாகவே வெல்லும். சீனி, பருப்பு, அரிசிக்குச் அரசாங்கத்தின் சதொசவையும் கூட்டுறவுச் சங்கக் கடையையும் பார்க்காமல் விடவேண்டாம். அங்கே கூப்பனும் இல்லை, புள்ளியும் இல்லை, ஆனால் அன்றைய விலையே குறைவாக இருக்கிற நாட்கள் உண்டு.

அட்டை என்றால் கடன் அட்டையா, பற்று அட்டையா என்பதும் முக்கியம். கடன் அட்டைக்குத்தான் கழிவு என்றால், மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடிகிறவர் மட்டும் தொடட்டும். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து அளவில் ஓடுகிறது. ஒரு மாதம் பாக்கி வைத்தால் கொடுக்க நினைத்த காசு வங்கிக்குப் போய்விடும். உங்கள் நிலையில் கடன் அட்டை எடுக்கவே வேண்டாம் தங்கச்சி. பற்று அட்டைக்கும் கழிவு நாட்கள் இருக்கின்றன, அது போதும்.

புள்ளிகளை நான் வேறு மாதிரிப் பாவிக்கச் சொல்வேன். கார்கில்ஸிலோ கீல்ஸிலோ தொலைபேசி இலக்கத்தைச் சொன்னதும் சேருகிற புள்ளி அந்தந்த நேரம் பெரிதாகத் தெரியாது. மாதாமாதம் கழித்துக் கரைக்காமல் சேர்த்து வைத்து, புதிய பாடசாலை ஆண்டு தொடங்க முதல் ஒரே தரத்தில் எடுங்கள். கொப்பி, பேனை, சப்பாத்துக்கெல்லாம் கழிவு போடுகிற காலமும் அதுதான். கழிவு விலையில் கொப்பி, அதற்குக் காசு கட்டுவது புள்ளியில். அமெரிக்கக்காரர் செய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவதற்கு இங்கே கிட்ட வருவது இது மட்டும்தான். புள்ளிக்கும் முடிவுத் திகதி உண்டு என்பதால், எப்போது அழிகிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த ஒட்டி வருகிற இலவசங்கள். பற்பசையோடு ஒரு பிரஷ், பால்மாவோடு ஒரு கோப்பை, சலவைத்தூளோடு ஒரு சவர்க்காரம், பிள்ளைகளின் பானத்தோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டி. இவை வீட்டில் லாச்சிக்குள் கிடந்து தூசி பிடிக்கும். எங்கள் பெரியாஸ்பத்திரி வார்டில் மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் அவசரத்தில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட நோயாளிக்குத் துணையாக நிற்கிற அம்மாவிடம் பல நேரம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒரு பிரஷ், சின்னப் பற்பசை, ஒரு சவர்க்காரம், ஒரு கோப்பை, ஒரு துவாய். இதை ஒரு பையில் போட்டு வைத்தால் ஒரு ஆளின் இரண்டு நாள் கௌரவமாகப் போகும். பையில் உள்ளதில் துவாய்க்கு மட்டும்தான் டின்னில் இருந்து காசு எடுக்கவேண்டி வரும். வார்டுத் தாதியிடம் யாருக்குத் தேவை என்று கேட்டுக் கொடுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

இனி நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிற விஷயம். கழிவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடாதீர்கள். முதலில் போய்க் கேளுங்கள். சிறுவர் இல்லமோ முதியோர் இல்லமோ, ஊரில் கஷ்டப்படுகிற ஒரு குடும்பமோ, என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு கழிவுக்குக் காத்திருங்கள். இல்லங்களுக்குப் பிறந்தநாள், திவசம், கல்யாணநாள் என்று சமைத்த சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். சனி ஞாயிறு மத்தியானச் சாப்பாடு சில இடங்களில் முன்பதிவாகிவிடும். ஆனால் சலவைத்தூள், பற்பசை, உள்ளாடை, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் அணையாடை, முதியோருக்குப் பம்பஸ், கொசுவர்த்தி, தும்புத்தடி? இவற்றைப் பிறந்தநாளுக்கு யாரும் கொண்டுபோவதில்லை. இல்லத்துப் பொறுப்பாளர்கள் கூச்சத்தில் கேட்கவும் மாட்டார்கள். நீங்கள்தான் கேட்கவேணும்: "அக்கா, சாப்பாட்டுச் சாமான் இல்லாமல் வேறென்ன முடிந்துபோய் இருக்கு?"

நல்ல காலம், இந்தச் சாமான்களுக்குத்தான் இங்கே கழிவு அடிக்கடி வரும். அணையாடைக்கு இரட்டைப் பக்கற், சலவைத்தூளுக்குப் பெரிய பக்கற்றில் குறைந்த விலை. இரட்டைப் பக்கற் என்றதும் எடுத்துவிடாமல் ஒன்றின் விலை எவ்வளவு, நூறு கிராம் எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பெரிய பக்கற் சில நேரம் கிராமுக்குக் கூடத்தான் வரும். பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்க முடியாது. விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

திகதி கிட்டிய சாமானைப் பற்றி ஒரு கண்டிப்பு. விலை குறைத்து வைத்த பால்மாவையோ பிஸ்கற்றையோ நாற்பது பிள்ளைகள் இருக்கிற இல்லத்துக்குக் கொடுத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும், பிழையில்லை. அதையே தனியாக இருக்கிற ஒரு பாட்டியிடம் நாலு பக்கற் கொடுத்தால் மூன்று கெட்டுப்போகும். கொடுக்க முதல் திகதியைச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

வீட்டில் சேர்த்து வைக்கவும் வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்காற்றில் சலவைத்தூள் மூன்று மாதத்தில் கல்லாகிவிடும். பருப்பில் வண்டு விழும். சவர்க்காரத்தோடு ஒரே பெட்டியில் அரிசியை வைத்தால் சோறு முழுக்க வாசனை. வாங்கிய மாதமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது எல்லாருக்கும் நல்லது. ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசும் கணக்கில் வரும் என்பதால், டவுனுக்கு வேறு வேலையாகப் போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூப்பனைக் கொண்டு வாங்கிக் கொடுப்பதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். கூப்பனையே கொடுக்கிறதும் ஒரு வழி, எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். சுப்பர் மார்க்கெட்டுகளில் கிஃப்ட் வவுச்சர் விற்கிறார்கள். டவுனுக்குள் இருக்கிற குடும்பத்துக்கு அது நல்லது, தங்களுக்கு என்ன வேணும் என்று தாங்களே எடுக்கலாம். 2022 யூனில் நாடே நெருக்கடியில் இருந்தபோது உலக உணவுத் திட்டம் கொழும்பில் கர்ப்பிணித் தாய்மாருக்கு உணவு வவுச்சர் கொடுத்ததும் இந்த முறையில்தான். ஆனால் ஈச்சிலம்பற்றிலோ தம்பலகாமத்தின் உள்பக்கத்திலோ இருக்கிற குடும்பம் அந்த வவுச்சரை வைத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்கு வரவேணும் என்றால் பாதி பஸ் காசிலேயே போய்விடும்.

அதற்கு ஊர்க் கடைதான் சரி. அந்தக் குடும்பம் வழமையாகச் சாமான் வாங்குகிற சின்னக் கடைக்குப் போய், கடைக்கார ஐயாவிடம் 2,000 ரூபாயைக் கட்டி, நாலு துண்டில் 500, 500 என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டைக் குடும்பத்திடம் கொடுத்தால் வேண்டிய நேரம் வேண்டியதை எடுப்பார்கள். சிகரெட்டுக்கும் வெற்றிலைக்கும் கொடுக்கவேண்டாம் என்று கடைக்காரரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். மொத்தமாகக் காசு கட்டுவதால் அவர் ஒரு கிலோ சீனி கூடப் போட்டுக் கொடுப்பார். வெட்கப்படாமல் கேளுங்கள், நல்ல காரியத்துக்குக் கேட்கிறீர்கள். பழைய கடன் கொப்பியில் அந்தக் குடும்பத்தின் பெயரில் பாக்கி இருந்தால், இந்தக் காசை அதில் கழிக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளவேணும். 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடும் 1979 இல் வந்த உணவு முத்திரையும் பார்த்த சனம் நாங்கள். சங்கக் கடையைக் கூப்பன் கடை என்று சொல்கிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். துண்டு கொடுத்துச் சாமான் எடுப்பதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. அரிசிப் பையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்து முகநூலில் போடுவதுதான் குறைச்சல். அதை மட்டும் செய்யவேண்டாம், உங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பிள்ளையும் படிக்கும்.

கூட்டுச் சேர்ந்தால் இன்னும் வசதி. உங்கள் ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் வாங்கினால், அட்டைக் கழிவுக்கு வேண்டிய குறைந்த பில் தொகையைத் தனியாக எட்டமுடியாதவர்களும் எட்டலாம். மழைக்காலத்துக்கு முன், அதாவது புரட்டாதி கழிவதற்குள், இப்படி நாலு வீட்டார் உலருணவுப் பொதி கட்டி வைத்தால் உதவும். மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறினால் அந்த வாரம் கடையில் கழிவும் இருக்காது, சில நேரம் சாமானே இருக்காது. கிண்ணியாவில் நோன்பு மாதத்துக்கு முன் பொதி கட்டுகிறவர்களிடம் போய் ஒருமுறை பாருங்கள். மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்துப் பிரித்துக் கட்டுகிற வேலையை நேர்த்தியாகச் செய்வார்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்லியும் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. "சுப்பர் மார்க்கெட்டின் ஆண்டு நிறைவு, இலவச வவுச்சர், இந்த இணைப்பை இருபது பேருக்கு அனுப்புங்கள்" என்று வட்ஸ்அப்பில் வருவது எல்லாம் உங்கள் விபரங்களைத் திருட வருவது. உதவி செய்கிற ஆசையில் இருக்கிற ஆட்கள்தான் இதில் கெதியாக விழுகிறார்கள். கடையின் சொந்தச் செயலியிலோ கடை வாசலிலோ இல்லாத வவுச்சர் வவுச்சரே இல்லை. வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். பக்கத்தில் உள்ள ஒரு இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனை பேர், எந்த வயது, என்ன முடிந்திருக்கு என்று மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அதில் ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சலவைத்தூள் என்று வைப்போம். டின்னில் விழுகிற காசை மாதக் கடைசியில் எண்ணி, அன்று எந்தக் கடையில் குறைவோ அங்கே வாங்கிக் கொடுங்கள். அட்டைக் கழிவு நாளை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வங்கியின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் செவ்வாய் என்றால் இந்த மாதம் வெள்ளியாக இருக்கும், சொல்லாமல் மாற்றிவிடுவார்கள்.